மீசை வழியாக வந்த கடல்

மார்ச் 3, திங்கள்

கடையில் இன்று ஐந்து மோட்டார். இரண்டில் காயில் கம்பி கருகியிருந்தது, ஒன்றில் பேரிங் போயிருந்தது. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, சுவிட்சைப் போடாமலேயே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்தாவதைத் திறக்கவே முடியவில்லை. துரு. நாளை பார்ப்போம்.

வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள். மகளின் கையெழுத்து. பதினொரு வயதுதான் ஆகிறது, ஆனால் தண்ணீர் பாட்டில் மூடி வரைக்கும் சோதனை போடுவாள். அதனால் வீட்டில் அவள் பெயர் இன்ஸ்பெக்டர்.

'தீவுப் பயணம். ஏப்ரல் 6, ஞாயிறு.
அம்மா – படகில் (காது).
நான் – தண்ணீரில்.
அப்பா – ?'

கேள்விக்குறிக்கு மட்டும் சிவப்புப் பேனா.

மார்ச் 4, செவ்வாய்

எழுதித் தொலைத்துவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

படகுத்துறையில் நின்றால் அந்தத் தீவு தெரியும். இருபது நிமிடப் பயணம். சுற்றிலும் ஆழமில்லாத கடல், அடியில் பவளப்பாறை, அதில் மீன்கள். கண்ணாடி முகமூடியை மாட்டி, குழாயை வாயில் கவ்வி, மிதவை உடுப்பைப் போட்டுக்கொண்டு குப்புற மிதந்தால் போதும். நீச்சல்கூடத் தெரிய வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்பு போனோம். படகு நடத்தும் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு: சின்னப் பிள்ளை தண்ணீரில் இறங்கினால், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே இறங்க வேண்டும். என் மனைவிக்குக் காதில் அறுவை சிகிச்சை ஆனது, சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. மீதி நான்.

எனக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்று வலி வந்தது. வந்தது என்றால் – வரவழைத்தேன்.

எட்டு வயதுப் பிள்ளை முகமூடியை மாட்டியபடியே நாள் முழுக்கப் படகில் உட்கார்ந்திருந்தாள். கழற்றவேயில்லை. மற்ற பிள்ளைகள் தண்ணீரிலிருந்து தலை தூக்கி, "கிளிமீன்! கிளிமீன்!" என்று கத்தினார்கள். இவள் கரைக்கு வந்ததும்தான் கேட்டாள்: "வயிறு இப்ப சரியாயிடுச்சாப்பா?"

உண்மையான வயிற்று வலி அப்போதுதான் ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன் நான். முகம் கழுவும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். இதை வெளியில் சொன்னால் கடைக்கு யார் வருவார்கள்?

மனைவி சாப்பாடு போடும்போது கேட்டாள்: "இந்தத் தடவை என்ன வலிங்க? இப்பவே சொல்லிட்டா மாத்திரை வாங்கி வெச்சுடுவேன்."

மார்ச் 6, வியாழன்

படகுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஏப்ரல் ஆறாந்தேதி வாங்க. அந்த வாரத்தோட கடல் பொங்கிடும், அப்புறம் ஆறு மாசத்துக்குப் படகு கிடையாது. நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பரவால்ல. மூஞ்சிய தண்ணிக்குள்ள வெச்சு, குழாயில மூச்சு விட்டுக்கிட்டு, நான் நூறு எண்ணுற வரைக்கும் இருக்கணும். துறையிலயே சோதிச்சுட்டுத்தான் படகுல ஏத்துவேன். நடுவுல எழுந்தீங்கன்னா தீவுல உங்களுக்கும் தண்ணி கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது."

நூறு! நான் நூறு வரை எண்ணியே பல வருடம் ஆகிறது.

மார்ச் 9, ஞாயிறு

முகமூடியும் குழாயும் வாங்கியாயிற்று. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாளிக்குள் முகத்தை விட்டேன். இன்ஸ்பெக்டர் கையில் கடிகாரம்.

நான்கு எண்ணினேன். நான்காவது சந்தேகம் என்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

கடையின் பின்பக்கம் சோதனைத் தொட்டி இருக்கிறது. ரிப்பேர் ஆன மோட்டாரை முக்கி ஓட்டிப் பார்க்கிற சிமெண்டுத் தொட்டி, இடுப்பளவு தண்ணீர். வாளியை விட இதுதான் கடலுக்குக் கொஞ்சம் சொந்தம். கடை திறக்கும் முன் தினமும் அரை மணி நேரம் இங்கே என்று முடிவு.

என் மச்சினன்தான் கடையில் காயில் சுற்றுகிறவன். அக்காவின் சிரிப்பு அப்படியே அவனுக்கு. "மாமா, உங்கள டெஸ்ட் பண்ணிட்டு வாரண்டி கொடுக்கணுமா?" என்றான்.

இன்ஸ்பெக்டர் பள்ளிக்குப் போகும் வழியில் இறங்கி, தொட்டிப் பக்கத்து மின்சார ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள். "நீ வெளிய வந்து துடைச்சதுக்கு அப்புறம்தான் தருவேன்." பத்து நிமிடத்தில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டாள், ஃபியூஸோடு. மாலை நான்கு மணி வரை ஒரு மோட்டாரைக்கூடச் சோதிக்க முடியவில்லை.

எண்ணிக்கை: ஏழு.

மார்ச் 13, வியாழன்

ஒன்பது. அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் சீக்கிரமே வந்துவிட்டார்.

"ஓனர் இல்லையா?"

"தொட்டிக்குள்ள இருக்காரு. கொஞ்சம் உக்காருங்க, இப்ப வெளிய எடுத்துடுவோம்" என்றான் மச்சினன்.

எழுந்து நின்றேன். முகமூடி, குழாய், அரைக்கால் சட்டை. அவர் தன் மோட்டாரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "நான் அப்புறம் வரேன்" என்று போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன், பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. பெரிய பிளாஸ்டிக் வாளியின் அடியை வட்டமாக அறுத்து எடுத்து, அந்த இடத்தில் தடித்த கண்ணாடித் தகடு வைத்து, சுற்றிலும் சீல் பசை பூசிக் காயவைத்தேன். வாளியைத் தண்ணீர் மேல் அழுத்திப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தால் அடி வரை தெரிகிறது. தொட்டியின் அடியில் நான் போன வருடம் தொலைத்த ஸ்பானரைப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. முகமும் நனையவில்லை!

இன்ஸ்பெக்டர் வந்து வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருக்குப்பா?"

அந்தக் குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் பயமே.

"அம்மாவுக்கு" என்றேன். "படகுல சும்மா உக்காந்திருப்பாளே..."

"ஓ. நான் உனக்கோன்னு நினைச்சேன்."

எனக்குத்தான். கடவுளே, எனக்குத்தான் செய்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

பதினைந்தைத் தாண்ட முடியவில்லை. முகமூடிக்குள் தண்ணீர் ஏறி மூக்கைத் தொடுகிறது, உடனே என் உடம்பு தானாக எழுந்துவிடுகிறது. என்னைக் கேட்பதேயில்லை.

முகமூடிதான் மட்டம் என்று வாங்கின கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். நல்ல சத்தமாகவே. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"சார், மாஸ்க்ல ஒண்ணும் இல்ல. உங்க மீசையிலதான் இருக்கு. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவுல முடி இருந்தா தண்ணி வரத்தானே செய்யும்?"

பதினெட்டு வருடமாக ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நான் சொல்கிற வசனம் – "வாஷர்ல ஒரு முடி இருந்தாக்கூட லீக் அடிக்கும்." என் மூக்குக்குக் கீழே ஒரு பிரஷ்ஷையே வைத்துக்கொண்டு, அடுத்தவன் வாஷரை ஊதி ஊதிப் பார்த்திருக்கிறேன்.

மீசையை எடுப்பதா? அதைத் தவிர முகத்தில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? உதட்டுக்குத் தடவுகிற களிம்பை அப்பிப் பார்க்கலாம்.

மார்ச் 20, வியாழன்

களிம்பு வேலை செய்கிறது. மீசை ஈர எலி மாதிரி இருக்கிறது, பரவாயில்லை. இருபத்தெட்டு.

அதை விட முக்கியம் – நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை மச்சினன் கண்டுபிடித்தான். "மாமா, குழாய் எதுக்கு மாட்டியிருக்கீங்க, அழகுக்கா? உறிஞ்சுங்க, தள்ளுங்க. நீங்களே ஒரு பம்புதானே!"

சரிதான். சக்‌ஷன், டெலிவரி. சக்‌ஷன், டெலிவரி. மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். பம்பு என்றைக்காவது தண்ணீரைப் பார்த்துப் பயந்திருக்கிறதா?

மார்ச் 24, திங்கள்

நாற்பத்தொன்று.

மார்ச் 25, செவ்வாய்

முப்பது. தும்மல்.

மார்ச் 30, ஞாயிறு

அறுபது வந்ததும் களிம்பு கரைந்து மீசை வழியாகத் தண்ணீர் வருகிறது. எத்தனை முறை செய்தாலும் அதே அறுபது. தொட்டியிலேயே இப்படி என்றால் அலை அடிக்கிற இடத்தில்?

இன்ஸ்பெக்டர் தன் மீன் நோட்டைக் காட்டினாள். படம் வெட்டி ஒட்டி, பார்த்தால் டிக் போட ஒரு கட்டம். முதல் பக்கம் முழுக்கக் கிளிமீன். கிளி அலகு மாதிரி வாய், பச்சையும் நீலமுமாக உடம்பு. பவளப்பாறையைக் கடித்துத் தின்னுமாம். அந்தப் பக்கத்தின் ஓரங்கள் நைந்திருக்கின்றன. மூன்று வருடமாகப் புரட்டியிருக்கிறாள்.

"பாக்கலன்னாலும் பரவால்லப்பா" என்றாள்.

பரவாயில்லையாம்! பிள்ளை நம்மைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிட்டால் அப்புறம் என்ன அப்பன்?

ஏப்ரல் 5, சனி

எடுத்துவிட்டேன்.

குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத இடம் அது. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

"ஏங்க, உங்களுக்கு மேலுதடு இருக்கா? இத்தனை நாள் சொல்லவேயில்லையே!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, மூக்குக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தாள், வாஷரைத் தடவிப் பார்க்கிற மாதிரி. ஃப்ரிட்ஜிடம் போனாள். சிவப்புக் கேள்விக்குறியை அடித்துவிட்டு, 'தண்ணீரில்' என்று எழுதினாள். பென்சிலால்.

பென்சில்தான். நியாயம்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இப்போதுதான் வந்து குளித்தோம். முதுகு தீயாக எரிகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

துறையில் படகுக்காரம்மா என்னைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள். "எங்கயோ பாத்திருக்கேனே..." பிறகு மகளைப் பார்த்தாள். "அட, வயித்து வலிக்காரரா! மீசை எங்க?"

இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை விட்டேன். பதினேழில் ஒரு அலை குழாய்க்குள் வந்தது. உப்பு! தொட்டியில் உப்பு கிடையாதே! எழுந்துவிட்டேன். இருமினேன். கண்ணைத் திறந்தால் எதிரே இன்ஸ்பெக்டர், முகமூடியை மாட்டியபடி, அதே மாதிரி, எட்டு வயதில் படகில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

"இன்னொரு தடவை" என்றேன். என் குரலா அது?

"ஒரே ஒரு தடவைதான்" என்றாள் படகுக்காரம்மா.

சக்‌ஷன், டெலிவரி. சக்‌ஷன், டெலிவரி. அலை வந்தது, குழாயை ஊதி வெளியே தள்ளினேன். முகமூடிக்குள் ஒரு சொட்டு இல்லை. எங்கேயோ தூரத்தில் யாரோ எண்ணுகிற சத்தம். என் தோளை யாரோ தட்டினார்கள். எழவில்லை, சோதனையாக இருக்குமோ என்று. மறுபடி தட்டினார்கள்.

"சார், நூத்தி இருபது ஆச்சு. எழுந்திரிங்க, மத்தவங்களும் போகணும்."

தீவுக்குப் போனோம். நானும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினோம். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று தெரியவில்லை.

கீழே என்ன இருந்தது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் நூறு, ஒன்றாகத் திரும்பின. கைவிரலை விடச் சின்ன நீல மீன் ஒன்று என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, உள்ளே யார் என்று பார்த்தது. நானும் பார்த்தேன். நாற்பத்திரண்டு வருடமாக இதெல்லாம் இங்கேயே இருந்திருக்கிறது!

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கி, "கிளிமீன் இல்லப்பா. போலாம்" என்றாள். உதடு நடுங்கியது – குளிர் என்று சொல்லிக்கொண்டாள்.

கடைசியாக ஒரு முறை முகத்தை விட்டேன். அப்போதுதான் கேட்டது.

கடக். கடக். கடக்.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பேரிங் போன மோட்டார்! கடலுக்குள் எவன் மோட்டார் ஓட்டுகிறான்? அப்புறம்தான் பொறி தட்டியது. பாறையைக் கடித்துத் தின்னுமாம். சத்தம் எந்தப் பக்கம் என்று தண்ணீருக்குள் தெரியவில்லை, எல்லாப் பக்கமும் கேட்டது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தேன், குறைந்தது. வலப்பக்கம், கூடியது. எந்தப் போல்ட்டுக்குப் பக்கத்தில் சத்தம் அதிகம் என்று மோட்டாரில் காதை வைத்துத் தேடுவேனே, அப்படியே. அவள் கையை இழுத்துக்கொண்டு போனேன். படகிலிருந்து யாரோ கத்தினார்கள், காதில் வாங்கவில்லை. கடக், கடக், கடக் –

பெரிய பாறை ஒன்றின் பின்னால் மூன்று பேர். பச்சை, நீலம், நடுவே இளஞ்சிவப்பு. அலகால் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள், அலட்டிக்கொள்ளாமல், டீக்கடையில் பன்னைக் கடிக்கிற மாதிரி.

என் கையை அவள் நசுக்கிவிட்டாள். குழாய் வழியாக ஒரு சத்தம் போட்டாள், அது வார்த்தையே இல்லை. எனக்கு முழுசாகப் புரிந்தது.

படகில் ஏறினோம். மனைவி கண்ணாடி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க அதற்குள்தான் தலையை விட்டிருந்தாளாம். படகில் மற்றவர்கள் வரிசையில் நின்று இரவல் கேட்டார்களாம், தரவில்லையாம்.

"மீன் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். அப்புறம் நீங்க வந்தீங்க. தண்ணிக்குள்ள உங்க மூஞ்சி. மீன்லாம் யாருக்கு வேணும்?"

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் ஈரக்கையோடு நோட்டைத் திறந்து டிக் போட்டாள். டிக் கலங்கிவிட்டது. மேலே மறுபடியும் போட்டாள்.

இறங்கும்போது படகுக்காரம்மா கேட்டாள்: "கிளிமீன் இருக்கிற இடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பேரிங் சத்தம் கேட்டுச்சும்மா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்கவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஃப்ரிட்ஜ் தாளில் 'தண்ணீரில்' என்பதன் மேல் பேனா.

ஏப்ரல் 10, வியாழன்

மார்ச்சில் தொட்டியைப் பார்த்து ஓடிப்போனவர் அதே மோட்டாரோடு திரும்பி வந்தார். "என்னண்ணே, மீசை?" என்றார். "லீக் அடிச்சுது, எடுத்துட்டேன்" என்றேன். மோட்டாரை ஓட்டிப் பார்த்தேன். பேரிங்தான்.

கடல் பொங்க ஆரம்பித்துவிட்டதாம், படகுகளை எல்லாம் கரை ஏற்றிவிட்டார்கள். இனி ஆறு மாதம்.

மூக்குக்குக் கீழே முள் முள்ளாக முளைத்திருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். சோப்பைக் குழைத்து, மறுபடியும் எடுத்துவிட்டேன்.