வயிறு அடங்கட்டும், மரகதம்

என் மரகதத்துக்கு,

உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடி யோசித்ததைத்தான் எழுதுகிறேன். நீ இருந்தால், "நடையைக் குறைங்க, தரை தேயுது" என்பாய்.

நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில் கடுமையான ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். காய்ச்சல் போனது, வயிறும் கெட்டது. கூடவே பதற்றம், எல்லார் மேலும் எரிச்சல். அந்தப் பதற்றத்தில் நம் செந்திலிடம், "வீட்டை வித்துடுடா, பெங்களூருக்கே வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டேன். வீடு வாங்குகிறவரோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். சொன்னது நானா, என் வயிறா?

சிரிக்காதே. கும்பகோணம் டாக்டரம்மா சொன்னார்: "குடல்ல இருக்கிற நுண்ணுயிருக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை நடக்குது சார். மருந்துல அதுங்க கலைஞ்சா மனசும் கலையலாம். உங்களுக்கு அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறுங்க."

பூச்சிக்கு அடித்த மருந்தில், அந்தப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் சேர்ந்து செத்த வயல் என் வயிறு. அங்கிருந்து மூளைக்கு ஒரு நரம்பு வாய்க்கால் போல ஓடுகிறது. நம் வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கம்தான் போகும். இதில் சேதி இரு பக்கமும் போகும். கீழிருந்து மேலே போவதே அதிகம். அப்படியானால் உன்னைத் தேடி இந்த மனசு அலைகிறதே, அதுவும் கிருமி வேலையா? டாக்டரம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

தயிர் சாப்பிடலாம், ஆனால் அதுவே மருந்தாகிவிடாது என்றார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நம் உறைமோர் கெட்டுப்போயிருந்தது. பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டு ராணியிடம் கேட்டேன்.

"விளக்கு வச்சப்புறம் உறை குடுக்கக் கூடாது சார். காலைல வாங்க."

"அறிவியல் வாத்தியார்கிட்டயே இதைச் சொல்றியா?" கத்திவிட்டேன்.

"இந்தக் கோவத்தோட எடுத்துட்டுப் போனா பால் உறையாது சார், திரிஞ்சிடும்."

காலையில் அவளே கிண்ணத்தோடு வந்தாள். "அக்கா குடுத்த உறைதான் சார். எங்க வீட்டுல இன்னும் அத்துப்போகல."

நீ வளர்த்த உயிர்கள் நீ போன பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் பெருகிக்கொண்டே இருந்திருக்கின்றன. உள்ளே வந்து அழுதேன். அது எதன் வேலை என்று இந்த முறை கேட்டுக்கொள்ளவில்லை.

செந்திலுக்கு போன் செய்தேன். "வாங்குறவர் வேணாம், நீ மட்டும் வாடா. என் வயிறு சரியாகட்டும், அப்புறம் பேசுவோம்."

"வயித்துக்கும் வீட்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"வா, சொல்றேன்."

இது உனக்கு நான் தரும் வாக்கு. விற்பதோ இருப்பதோ, தெளிந்த பிறகுதான் முடிவு சொல்வேன். எங்கே போனாலும் இந்தக் கிண்ணம் என்னோடு வரும். பால் வெதுவெதுப்பாக ஆறியிருக்கும். உறை ஊற்றப் போகிறேன்.

இன்னும் நடந்துகொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரர்