எட்டு மணிப் பூசைக்கு ஒரு குரலஞ்சல்

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. துணி காயும் கம்புகளை உள்ளே இழுத்தாயிற்று. முட்டிக்கு எண்ணெய்.

ஃபாதர் போன். கோயில் கூரை வேலை தொடங்குகிறதாம். வரும் ஞாயிறு முதல் தமிழ்ப் பூசை மாலை ஐந்துக்கு இல்லை, காலை எட்டுக்கு. "வயசானவங்களுக்கு எப்படியாவது சொல்லிடுங்க டீச்சர்."

போன தடவை நேரம் மாறியபோது வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டார்கள். அந்தோணி அண்ணனிடம் பட்டன் போன்தான். புக்கிட் பாத்தோக்கிலிருந்து பஸ் பிடித்து வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் மழையில் நின்று, வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன். இப்போது கைத்தடி. இன்னொரு முறை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்னதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஞாயிறு அவர் அந்தக் கேட்டில் நிற்கக் கூடாது.

பங்கு அலுவலக மெர்சி ஒரு வழி சொன்னாள். ஒரு முறை பேசிப் பதிவு செய்தால், நாம் கொடுக்கிற எல்லா எண்களுக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போகும். எடுக்காதவர்களுக்குக் குரலஞ்சல் பெட்டியில் விழும். பள்ளி ஒலிபெருக்கி மாதிரி: ஆபீஸ் அறையில் பேசினால் எல்லா வகுப்பிலும் கேட்குமே. அப்படி நினைத்துப் பார்த்ததும் பயம் விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். தேக்கா சந்தையில் மீன் வாங்கி, பையோடு நேரே அலுவலகம்.

எண்களைக் குழு குழுவாகப் பிரித்தோம். நடந்து வருகிறவர்கள். மார்சிலிங் பக்கம். புக்கிட் பாத்தோக் பக்கம். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே எண் என்றால் ஒரு தடவை போதும்.

மெர்சிக்குச் சந்தேகம். "தெரியாத நம்பர்னா ஸ்கேம்னு கட் பண்ணிடுவாங்க லா டீச்சர்."

நியாயம். யோசித்தேன். பரிசளிப்பு விழாவில் பேச்சாளர் எழுந்த உடனே பேசுவதில்லை. ஒருவர் அறிமுகம் செய்வார், அதற்குள் பிள்ளைகள் அடங்கிவிடும். அதுபோல மெர்சி அறிமுகம் செய்யட்டும், பிறகு நான். வாராவாரம் பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கிறவள். அவள் குரலை யாரும் ஸ்கேம் என்று நினைக்க மாட்டார்கள்.

முதல் பதிவில் மீன் பை சரசரப்பு. அடுத்ததில் என் அதட்டல். பிறகு ஒருவழியாகச் சரி.

அனுப்புவது வியாழன் காலை ஆறு மணி. யாரும் நடக்கப் போவதற்கு முன்னால். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

லேசான தூறல். சரிபார்க்க என் எண்ணையும் சேர்த்திருந்தேன். ஆறுக்குப் போன் அடித்தது. மெர்சி, நிறுத்தி நிதானமாக: "அன்பார்ந்த இறைமக்களே. நம் பங்கின் மூத்த சகோதரி, ரோஸ்லின் டீச்சர் அவர்கள்…" சின்ன இடைவெளி. "…இப்போது உங்களோடு பேசுகிறார்." நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மார்சிலிங் ஸ்டெல்லாவின் போன். ஹலோ என்றேன். அந்தப் பக்கம் ஒரு அலறல்.

"டீச்சரா? நீங்களா எடுக்கிறீங்க?"

"என் போனை வேற யார் எடுப்பா?"

"ஐயோ! வீட்ல யாராச்சும் எடுப்பாங்க, அடக்கம் எத்தன மணிக்குன்னு கேக்கலாம்னு அடிச்சேன்! மெர்சி சொன்னாளே!"

"என்னம்மா சொன்னா?"

"முழுசா எங்க கேட்டேன்? உங்க பேரு வந்ததும் அழுதுட்டு வச்சிட்டேன். எல்லாருக்கும் வேற சொல்லிட்டேனே டீச்சர்!"

பிறகுதான் உறைத்தது. பூசையில் மரண அறிவிப்பு வாசிப்பதும் மெர்சிதான். அதே குரல், அதே "மூத்த சகோதரி". அதுவும் காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் போன் வந்தால் வேறு என்ன செய்தி?

மெர்சி அலுவலகத்தில் அழுகையும் சிரிப்புமாக: "உங்களை நானே கொன்னுட்டேன் டீச்சர்." பெரும்பாலோர் அறிமுகத்திலேயே வைத்துவிட்டார்கள் என்று கணினி காட்டியது. அந்தோணி அண்ணன்? எடுக்கவில்லை. பெட்டியும் நிரம்பிவிட்டதாம். நானும் அடித்துப் பார்த்தேன். மனிதர் போனை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவர்.

சாயங்காலம் புதுப் பதிவு. அறிமுகம் கிடையாது. "யாரும் சாகலை. ரோஸ்லின் டீச்சர்தான் பேசறேன். ஞாயிறு பூசை காலை எட்டு மணிக்கு. சாயங்காலம் கேட் பூட்டியிருக்கும். கேட்டாச்சுன்னா ஒண்ணை அமுக்குங்க." ஒவ்வொருவராக அமுக்கினார்கள்.

நாள் முழுக்கப் போன். பழைய மாணவி ஒருத்தி: "நான் அழுதப்ப உங்க கைக்குட்டையைக் கொடுத்தீங்களே டீச்சர், அது இன்னும் என்கிட்டதான் இருக்கு." எனக்கு நினைவே இல்லை. இதெல்லாம் சவப்பெட்டி பக்கத்தில் சொல்கிற பேச்சு. கையில் சூடான தே-ஓ கோப்பையோடு உட்கார்ந்து கேட்கக் கிடைத்தது. கர்த்தருக்கு நன்றி.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். ஒன்றை அமுக்காதவர் அந்தோணி அண்ணன் மட்டும். நாளைக்கு முட்டி வலியோடாவது புக்கிட் பாத்தோக் போவது என்று முடிவு. குடையைத் தேடிக்கொண்டிருந்தேன், அழைப்பு மணி.

கதவைத் திறந்தால் அவரே. வெள்ளைச் சட்டை. கைத்தடி. இன்னொரு கையில் பூமாலைப் பை.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சரம்மா?"

"வாங்கண்ணே."

"ஸ்டெல்லா எங்க பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருக்கா. புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்குல, துக்கத்துக்கு ஒரு நாற்காலி கூட போடலையே, டீச்சருக்கு இவ்ளோதான் மரியாதையான்னு கோவத்தோட ஏறி வரேன்."

உட்கார்ந்தார். தே போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணே, ஞாயிறு பூசை காலை எட்டு மணிக்கு. சாயங்காலம் வராதீங்க, கேட் பூட்டியிருக்கும்."

"இதைச் சொல்றதுக்கா செத்தீங்க?"

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்தப் பூமாலை? மாதாவுக்கு. ஞாயிறுவரை ஃபிரிட்ஜில், மீனுக்கு மேல் தட்டில்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம், மழை இல்லை. நான் போவதற்கு முன்பே முன் பெஞ்சில் அந்தோணி அண்ணன். மார்சிலிங், புக்கிட் பாத்தோக், எல்லாப் பக்கமும் வந்திருந்தது. மாதா கழுத்தில் என் மாலை. வாடவில்லை.

பூசை முடிவில் மெர்சி மைக்குக்கு வந்தாள். "அன்பார்ந்த இறைமக்களே. நம் பங்கின் மூத்த சகோதரி…"

கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது.

அந்தோணி அண்ணன், பலிபீடம் வரை கேட்கிற மாதிரி: "இருக்காங்க, இருக்காங்க. நீ மேல படிம்மா."