காட்டுக்கு ஆகாத புடவை

டேய் கங்காதரா, கடப்பாக்கத்துலேந்து ஒன் நைனா தேசப்பன் சொல்றேன், நல்லா கீறியா? வேளைக்குத் துன்றியா, நீ ஜீப்பு ஓட்டறப்ப யானை கீனை குறுக்க வராம கீதா? இங்க நானும் ஒங்கம்மாவும் சொகம். ஏசுதாஸுதான் எழுதறான், இன்லாண்டுல எடம் பத்தாது, ஆசீர்வாதத்த மொதல்லயே சொல்லிடு அண்ணாத்தன்றான், அதனால நீ மகராசனா இருக்கணும், கங்கையம்மா தொணை.

முதுமலைக்கு வர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். செங்கல்பட்டு போயி மெட்ராஸுக்கு ரயிலு, அங்கேந்து வேற ரயிலு, மேட்டுப்பாளையத்துல எறங்கி மலை பஸ்ஸு. லாட்ஜு வேணாம், ஒன் குவார்ட்டர்ஸ்லயே தரையில சுருண்டுக்கறோம். புளிச்சோறும் கருவாடும் கட்டிகினு வர்றோம், பஸ்ஸே நாறும்னு ஏசுதாஸு சிரிக்கிறான், நாறட்டும், ஓட்டலுக்கு டப்பு எங்க கீது? காலி சீட்டு இருந்தா ஜீப்புல ஏத்திக்கலாம்னு ஆபீஸரு சொன்னாருன்னியே, இன்னொரு தபா கேட்டு வெச்சுக்க. காசு குடுத்து மிருகம் பாக்கறதான்னு முன்னல்லாம் நானே சிரிச்சவன்டா. வேடந்தாங்கலுக்கு ஒரு தபா பக்கத்து வூட்டு தாமோதரன் இட்டுகினு போனான், ஜனம் நாரையப் பாக்க வாயப் பொளந்துகினு நிக்குது, நம்ம கரையில கல்லெடுத்து வெரட்டற அதே மீன் திருடன்! இன்னா சொல்ல வந்தேன், ஆங், ஒங்கம்மா.

செவப்புத் துணி கட்டாதீங்க, மிருகம் மிரளும், ஆபீஸரு வண்டியில ஏத்த மாட்டாருன்னு எழுதினியே, அன்னிலேந்து ஒரே பேஜாரு. நீ மொத சம்பளத்துல வாங்கியாந்த செவப்புப் பொடவய விட்டா அவளுக்கு நல்லது வேற ஏது? மீதியெல்லாம் மீன் கூடை தூக்கிக் கிழிஞ்சது. எம் புள்ள வேல செய்யற எடத்துக்குக் கந்தலோட வந்து அவன் மானத்த வாங்க மாட்டேன், நீயே போயி யானையப் பாருன்னுட்டா. யானையாடா முக்கியம்? லீவு இல்ல லீவு இல்லன்னு ரெண்டு வருசமா நீ வரல, ஒன் மொகத்தப் பாக்கத்தான இந்தக் கூத்து. புதுப் பொடவ எடுத்தா ரயிலுக்குப் பத்தாது. கடலுக்குப் போனா வலைய வுட்டுட்டுக் கரையப் பாத்துகினு கீறேன், வூட்டுக்கு வந்தா ஒக்கார முடியல.

காலையிலேந்து அவ கொல்லையில மரப்பட்டையக் கொதிக்க வெச்சு வலைக்குச் சாயம் காய்ச்சிகினு கீறா. ஊர்ல பாதிப் பேரு நைலானுக்குப் போய்ட்டான், நம்மளுது இன்னும் நூல் வலை, சாயம் போட்டு மண்ணு நெறமாக்கலன்னா மக்கிடும், ஒனக்குத் தெரியாததா. ஆனா போன வாரந்தான் போட்டோம், மறுபடி எதுக்குடின்னு கேட்டா அடுப்புல இன்னொரு வெறகத் தள்றா. நீ ஆபீஸர்கிட்ட கேளு, செவப்பு மேல துப்பட்டியப் போத்திகினு ஒக்காந்தா ஏத்துவாரான்னு. மறக்காம ஒடனே பதில் போடு, இல்லன்னா நான் மட்டும் தனியா வந்து

இருடா, கூப்பிடறா. யோவ், இங்க வந்து பாரு, இந்த நெறம் காட்டுக்கு ஆவுமான்னு எம் புள்ளையக் கேட்டு எழுதுன்றா. சாயம் சொட்டச் சொட்டத் தூக்கிப் புடிச்சிகினு நிக்கறா, டேய் கங்காதரா, அது வலை இல்லடா, நீ வாங்கியாந்த