மஞ்சள் நிறக்காரனின் ஊர்ப்பேச்சு

யாயிசு, மே 12

அன்புள்ள தகுமி அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி நிகழ்ச்சி முடிவில் நீ கையசைத்து, "போயிட்டு வரேங்க" என்றாய். நம் துறைமுகத்தில் "போயிட்டு வாரேம்" என்றுதானே சொல்வோம்? அப்பா சோற்றை மெல்வதை நிறுத்திவிட்டு, "யாருடே இவன், டோக்கியோக்காரன்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மறுநாளே சூரை மீன் பிடிக்கப் படகேறிவிட்டார், ஜூலையில்தான் வருவார்.

நான் சூரையைப் புகையில் உலர்த்தும் மாசிக் கொட்டகையிலேயே இருக்கிறேன். புகை கண்ணைக் கரித்தாலும் வேலை பிடித்திருக்கிறது. இங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

உங்கள் ஐவர் பாட்டுக் குழுவில் உன் நிறம் மஞ்சள் அல்லவா, அரங்கில் ரசிகர்கள் தூக்கிப் பிடிக்கும் மஞ்சள் விளக்குகள் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தன. நிஜமாகத்தான்.

உன் தங்கை,
நகிசா

டோக்கியோ, மே 20

என் நகிசாவுக்கு,

மேடையிலிருந்து நானும் அந்த விளக்குகளைப் பார்க்கிறேன். நீ சொன்னது அன்பான பொய்.

நீ பிடித்த பிழைதான் நேற்று என் காலை வாரியது. ஒரு தொடரில் நம் ஊர்ப் படகுக்காரன் வேடத்துக்கு நடித்துக் காட்டினேன். இயக்குநர் பாதியில் நிறுத்தி, "அந்த ஊர்க்காரன்னு சொன்னாங்க. சுற்றுலா வந்தவன் மாதிரில்ல பேசுற!" என்றார். ஏழு வருடத்துக்கு முன் குழுவில் சேர்ந்தபோது ஊர்ப்பேச்சை விடச் சொன்னார்கள். விட்டேன். இப்போது கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது.

மாதக் கடைசியில் இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரிசையின் ஓரத்தில் ஆடியே ஏழு வருடம் போய்விட்டது. இந்த வேடம் எனக்கு வேண்டும்.

வசனத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். சத்தமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாயா? அப்பா கடலில், அம்மா பேச்சு ஒசாகாப் பேச்சு. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதால்தான் நீ பள்ளியையே விட்டாய் என்று தெரிந்தும் கேட்கிறேன். முடியாவிட்டால் விடு, கோபிக்க மாட்டேன்.

தகுமி

யாயிசு, மே 24

அண்ணா,

உறைக்குள் மெமரி கார்டு இருக்கிறது. முதல் ஆறு தடவை என் மூச்சு மட்டும்தான் பதிவானது. ஏழாவது தடவை மெத்தைகளை மடித்து வைக்கும் பெரிய அலமாரிக்குள் புகுந்து உட்கார்ந்து வாசித்தேன்.

"வாரேம்" என்பதை இழுக்காதே. அப்பா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொல்வாரே, அப்படி உதட்டை மூடி முடித்துவிடு. அதன் பிறகு ஒரு தும்மல் கேட்கும். அது மெத்தைத் தூசி, நடித்துவிடாதே.

நகிசா

டோக்கியோ, ஜூன் 2

ஏட்டி நகிசா,

கிடைச்சுட்டுட்டி!

தும்மலையும் நடித்துவிட்டேன். "அது இருக்கட்டும்" என்று இயக்குநர் வைத்துக்கொண்டார்.

உன் அண்ணன்

யாயிசு, அக்டோபர் 9

அன்புள்ள அண்ணா,

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைத் தொலைக்காட்சியில் உன் தொடர் வந்தது. கையில் விளக்கு இல்லாததால் அக்காமார் எல்லாரும் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயைத் தூக்கிப் பிடித்தார்கள். உன் தங்கை என்று எனக்குப் பெரிய துண்டு.

நீ கயிற்றை அவிழ்த்தாய். "அழாதட்டி. போயிட்டு வாரேம்" என்றாய். தும்மினாய்.

மேஸ்திரி மொரியே அக்கா தொடையில் தட்டி, "அடேயப்பா, அசல் நம்மூருல்லா! போன மாசம் வரைக்கும் ரேடியோ மாதிரி பேசிட்டுக் கெடந்தான். யாருட்டி இவனுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள்.

நான் ஊறுகாயைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "நாந்தான்" என்றேன்.

நகிசா