குஞ்சம்மாள் வீட்டு அடுப்பு

வெண்ணந்தூர்
9-8-1984

அன்புள்ள வீரபாகு அண்ணனுக்குத் தங்கை செல்லாயி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், மழைதான் இல்லை. நீங்கள் போட்டுக்கொடுத்த சாண கேஸ் அடுப்பு ஜோராக எரிகிறது. கண்ணெரிச்சல் போயே போச்சு!

ஒரு சங்கடம். மாட்டுக் கட்டுத்தரை கூட்டும் குஞ்சம்மாளுக்குத் தினமும் இரண்டு கூடை சாணி கொடுப்பது நம் வழக்கம். வறட்டி தட்டி, அதில்தான் அவள் சோறாக்குவாள். இப்போது நாலு மாட்டுச் சாணியும் கேஸ் தொட்டிக்கே போகிறது. அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

செல்லாயி


சூரமங்கலம்
20-8-1984

செல்ல அம்மிணிக்கு,

விறகுக்கென்று ஒரு மரம்கூட வெட்டாத ஊராக வெண்ணந்தூரை ஆக்கிக் காட்டுவேன், பார். எரிவாயுத் திட்ட ஆபீசில் நான் சேர்ந்ததே அதற்குத்தான். குஞ்சம்மாளையும் மனுப் போடச் சொல். விண்ணப்பப் பாரம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன் வீரபாகு


வெண்ணந்தூர்
2-11-1984

அண்ணா,

பாரத்தில் நாலு மாடு வேண்டும் என்றிருக்கிறதே! அவளுக்கு ஓர் ஆட்டுக்குட்டி உண்டா? ஏரிக்கரையில் நீங்கள் நட்ட புங்கங்கன்றுகளை வெட்டிக்கொண்டு போகிறாள். ஏனென்று கேட்டேன். "வேற எதைப் போட்டு எரிக்கறதுங்க சாமி?" என்றாள். இரண்டு கூடை சாணியை அவளுக்கே கொடுத்துவிடட்டுமா?

செல்லாயி


சூரமங்கலம்
10-11-1984

அம்மிணி,

கொடுத்துவிடாதே. சாணி குறைந்தால் அடுப்பு அணைந்துவிடும். டிசம்பரில் மேலதிகாரிகள் உன் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அவள் விஷயத்துக்கு என் திட்டத்தில் வழி இல்லை. யோசித்து யோசித்துத் தூக்கமே போயிற்று. அவர்கள் வந்து போகும்வரை பொறு, உன்னைக் கும்பிடுகிறேன்.

வீரபாகு


வெண்ணந்தூர்
5-1-1985

அண்ணனுக்கு,

அதிகாரிகள் வந்தார்கள். நம் அடுப்பில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, ஊருக்கு இன்னும் இருபத்தைந்து அடுப்பு என்று எழுதிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்ற குஞ்சம்மாள் கேட்டாள்: "இனி எந்த ஊட்டுல போயிச் சாணி கேக்கறதுங்க?"

நேற்றுக் குடிசையைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளோடு உங்கள் சூரமங்கலத்துக்கே போய்விட்டாள். அங்கே ஸ்டேஷனில் ரயில் என்ஜின் கொட்டும் கரியைப் பொறுக்கினால் அடுப்பு எரியுமாம்.

உங்களை நன்றாக வைது எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலையிலும் அந்தக் கேஸ் அடுப்பில்தான் சோறாக்கினேன். புகையில்லாமல் பழகிவிட்டது அண்ணா, விட முடியவில்லை. பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு இந்த வருஷம் வர வேண்டாம். நாம் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எப்படிப் பார்ப்பது?

செல்லாயி