நகரத் தொடங்கிய பஞ்சு வேகன்

இன்று காலை ராஜபாளையம் ரயில்வே கேட்டில் சைக்கிளோடு நின்றேன். கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் மூன்று பேர் ஒரு வேகனைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே தள்ளினார்கள். சக்கரத்து எண்ணெய் வாடை கேட் வரைக்கும் வந்தது. கேட் திறந்த பிறகும் ஏறி மிதிக்கத் தைரியம் வராமல் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. இந்தப் பயத்தைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் உனக்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நாம் இருவரும் அந்த ஷெட்டில் குமாஸ்தாக்கள். நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை வண்டியில் வருவாய். காலேஜில் இன்டர்மீடியட் வரை படித்தவன் என்பதால் உனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். எடை வேறு, ஒரு பொருளுக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு வேறு, அதற்கு மாஸ் என்று பேர் என்பாய். அந்தச் சரக்கு உன் மண்டைக்குள்தான் இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். ஒருநாள் பஞ்சுப் பொதி ஏற்றிய வேகனைக் காட்டிச் சொன்னாய்:

"ஏலே, அம்புட்டு எடையையும் தண்டவாளம் சுமக்குது. அதனாலதான் மூணு பேரு தள்ள முடியுது. ஆனா உள்ள இருக்க மாஸ் எங்கயும் போயிரல. நிக்கிறத நகத்தப் போனாலும் அது மல்லுக்கு நிக்கும், நகந்தத நிறுத்தப் போனாலும் மல்லுக்கு நிக்கும்."

நான் காதில் வாங்கவில்லை.

பிரேக் கம்பி துருவேறி இறுகி, பிரேக் போடவே முடியாத ஒரு வேகன் வந்த மத்தியானம், எஞ்சின் வரட்டும், அதுவரை கை வைக்காதே என்றாய். பஞ்சுதானே என்று சொல்லிவிட்டு, இரண்டு போர்ட்டர்களைச் சேர்த்துக்கொண்டு நான் தள்ளினேன். முதலில் அசையவே இல்லை. மூச்சு வாங்கத் தள்ளித் தள்ளி ஒருவழியாக உருண்டது. பிறகு எங்களை விட்டுவிட்டுத் தானாகவே போனது. ஆள் நடக்கிற வேகம்தான். முன்னால் ஓடிப்போய்க் கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஓடியபோது இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடுக்கில் கால் மாட்டிக்கொண்டது.

இழுத்தேன், வரவில்லை. வேகன் சத்தமில்லாமல் வந்தது. அவ்வளவு மெதுவாக வருகிற ஒன்று ஆளைக் கொல்லும் என்று நான் நம்பியதே இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். மூன்று பேர் அத்தனை நேரம் தள்ளிக் கொடுத்ததை, என் இரண்டு கை ஒரு கணத்தில் திருப்பி வாங்க முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது. வேட்டி நனைந்துவிட்டது. உன்னைப் பார்த்தேன். நீ என்னிடம் வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினாய்.

மரக்கட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தாய். சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒன்றை வைத்தாய். நசுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று வைத்தாய், அதையும் நசுக்கியது. ஒவ்வொரு கட்டைக்கும் வேகம் கொஞ்சம் குறைந்தது. நான்காவது கட்டையில் அது நின்றபோது அதன் இரும்பில் என் உள்ளங்கை பட்டிருந்தது. உன் சுண்டுவிரல் நுனி இரண்டாவது கட்டையோடு போயிருந்தது.

"ஒரேயடியா நிறுத்த முடியாதுலே, கொஞ்சங் கொஞ்சமாத்தான் வாங்கணும்" என்று, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாய்.

இதைத்தான் உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. நீ முதுகைக் காட்டி ஓடியபோது, பயந்து என்னை விட்டுவிட்டு ஓடுகிறாய் என்றே நினைத்தேன். நீ விளங்கமாட்டாய் என்று சபித்தேன். உன் கைக்குழந்தையையும் சேர்த்துச் சபித்தேன். நீ டைபாய்டில் படுத்த அன்றிலிருந்து அந்த வார்த்தைகள் என்னைத் தூங்கவிடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் உன் மேல் மண் போட்டபோதும் வாய் வரவில்லை.

அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து என்னை மாமா என்று கூப்பிடுகிறான். அவனுக்குச் சளி பிடித்தது என்று கேட்டாலே என் சாபம்தான் பலிக்கிறதோ என்று தோன்றிவிடுகிறது. அடுத்த வண்டியைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உன் வாசலில் நிற்கிறேன். சிநேகிதன் பிள்ளை மேல் இத்தனை பாசமா என்று உன் பெண்சாதி கண் கலங்குகிறாள். அது பயம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.