ஓம் என்றால் அம்மா

அண்ணை,

சனிக்கிழமை காற்று கடுமையாக அடிக்கிறது என்று மனைவி பழைய கறுப்பு ஜாக்கெட்டை எடுத்துத் தந்தாள். பைக்குள் கையை விட்டால் நீலப் பிளாஸ்டிக் பட்டி ஒன்று வந்தது. எகிப்து ஹோட்டலில் நம் மணிக்கட்டில் கட்டிவிட்டார்களே, அதைக் காட்டினால் எதையும் எத்தனை தரமும் தின்னலாம், அந்தப் பட்டி. திரும்பி வந்த பிறகும் ஒரு கிழமை அதைக் கழற்றாமல் வேலைக்குப் போனேன். "ஆஸ்பத்திரியிலை இருந்து ஓடி வந்தவன் மாதிரி இருக்கிறாய்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் வெட்டினேன்.

நீங்கள் போய் இரண்டாவது குளிர்காலம் முடிகிறது. செத்தவருக்கு மடல் எழுதுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்புச் சோதனையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கணக்கில் விழுந்தவன். ஆனாலும் உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

அந்தப் பயணத்துக்கு முன் என் வீடு இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். மகள் ஆரணி வங்கியில் செய்துகொண்டிருந்த அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, சுவர்களில் படம் கீறப் போகிறேன் என்றாள். "எங்கடை ஊரிலை சுவரிலை கீறினால் அடி விழும்" என்றேன். "இது உங்கடை ஊர் இல்லை அப்பா" என்றாள். அன்றைக்கே சிநேகிதியின் அறைக்குப் போய்விட்டாள். நான்கு மாதம் நாங்கள் பேசவில்லை. அவள் டெலிபோன் எடுக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். உண்மையில் நான்தான் எடுக்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்து, "தனியப் போக ஏலாது, நீயும் வா" என்று எகிப்துக்கு இழுத்தீர்கள். ஒரு பக்கம் செங்கடல், மறு பக்கம் பாலைவனம், நடுவில் ஹோட்டல்கள். நான் கடலைப் பார்த்தபடி ஏழு நாளும் சாப்பிடலாம் என்று வந்தேன். நீங்கள் முதல் நாளே மஹ்மூத் என்ற டாக்சிக்காரனைப் பிடித்துவிட்டீர்கள். "தம்பி, சுவர் பாக்கப் போறம்."

"சுவரோ? ஸ்டுட்கார்ட்டிலை சுவர் இல்லையோ?"

"அது முப்பது வருசம் நான் பெயின்ட் அடிச்ச சுவர். அலுத்துப் போச்சு."

போனோம். சந்திகளில் துள்ளும் டொல்பின் சிலைகள், பழைய இரும்பை ஒட்டிச் செய்த ஒட்டகம், மீன் சந்தைக்குப் பின்னால் மூன்று மாடி உயரத்துக்கு வலை பின்னும் ஒரு கிழவன். ஒவ்வொன்றின் முன்னாலும் என்னை நிறுத்திப் படம் எடுத்தீர்கள். "என்னை ஏன் நிறுத்துறியள்?" என்றால், "அளவுக்கு. சுவர் எவ்வளவு பெரிசு எண்டு தெரிய வேண்டாமோ?" என்றீர்கள். நான் அந்த ஊரின் அடிக்கோல் ஆனேன், அதுவும் நாளுக்கு நாள் அகலமாகும் அடிக்கோல்.

படத்தைப் பார்க்கும் முன் நீங்கள் சுவரைத் தொடுவீர்கள். உள்ளங்கையை வைத்து ஒருதரம் அழுத்தித் தேய்த்து, கையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். அரிசிமா மாதிரித் தூள் ஒட்டியிருந்தால் உதட்டைப் பிதுக்குவீர்கள். "உப்புக்காத்து. அடிப்பூச்சு பூசாமல் கீறியிருக்கிறான். ரெண்டு வருசம் நிக்காது." தூள் ஒட்டாவிட்டால் கீறியவன் பக்கத்தில் நிற்பதுபோலத் தலையாட்டுவீர்கள். எனக்குப் படமும் விளங்கவில்லை, பூச்சும் விளங்கவில்லை. மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிவரை என்பது மட்டும் பாடம்.

ஊருக்குள்ளே ஒரு சின்ன வீட்டுச் சுவரில் விமானம் கீறியிருந்தது. பக்கத்தில் கப்பல், ஒட்டகம், கறுப்புச் சதுரமாக ஒரு கட்டடம். "இது எயர்போர்ட் ஒஃபீஸோ?" என்று கேட்டு மஹ்மூத்தைச் சிரிக்க வைத்தேன். மெக்காவுக்குப் போய் வந்தவருடைய வீடாம். போய் வந்த கதையைச் சுவரில் கீறுவது அங்கே வழக்கமாம். நீங்கள் அந்த விமானத்தை நெடுநேரம் பார்த்தீர்கள். "நாங்கள் வந்த வழியைக் கீறினால் சுவர் காணாதடா" என்றீர்கள். ஜெர்மனிக்கு வரும் வழியில் மொஸ்கோவில் பாதிநாள் நம்மை லொறிக்குள் பூட்டி வைத்ததை எந்த நிறத்தில் கீறுவது என்று நான் கேட்டேன். "லொறிக்குள்ளை என்ன நிறம் தெரிஞ்சது? கறுப்பு அடி" என்றீர்கள்.

நான்காம் நாள் நடந்ததை உங்களிடம் முழுக்கச் சொன்னதில்லை. வெயிலுக்குள் நீங்கள் ஏதோ ஒரு கல் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். நான் காருக்குள் குளிர்காற்றில் இருந்தேன். மஹ்மூத்தின் ஜெர்மனும் என்னுடையதைப் போலவே நொண்டும், அதனால் நன்றாக விளங்கியது.

"உங்கள் நண்பர் நல்ல மகன்" என்றான். "ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மாவோடு கதைக்கிறார்."

"ஆர் சொன்னது? அவருடைய தாய் செத்து இருபது வருடம்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் காதால் கேட்டேன். நீங்கள் சாப்பாட்டு அறையில் இருக்கும்போது இந்தக் காருக்குள் இருந்துதான் பேசுவார். ஓம், ஓம், ஓம் என்பார். எங்கள் மொழியில் ஓம் என்றால் அம்மா."

செத்தவளோடு டெலிபோனில் பேசும் ஆளைக் காரில் ஏற்றித் திரிகிறோமே என்று அவனுக்குப் பயம். எங்கள் மொழியில் ஓம் என்றால் ஆம், ஜெர்மனில் 'யா' என்று விளக்கினேன். அவன் ஆறுதலாக மூச்சுவிட்டு, "அப்படியென்றால் 'ஓம் பிள்ளை' என்றால்?" என்று கேட்டான்.

உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அதிகாலை வேலை என்று ஆரணியைக் கிண்டர்கார்டனுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் நீங்கள். நீங்கள் 'பிள்ளை' என்று கூப்பிடுவது உலகத்தில் ஒருத்தியைத்தான்.

இறங்கி வந்தேன். "காலமை காலமை ஆரோடை கதைக்கிறியள்?"

நீங்கள் சிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்ரை மகளோடைதான்."

"என்னவாம்?"

"எந்தெந்தச் சுவரைப் பாக்கவேணும் எண்டு எழுதி அனுப்பினவள். படம் எடுக்கச் சொன்னவள். ஒவ்வொண்டிலையும் அப்பா நிக்கவேணுமாம்."

"அளவுக்கோ?"

"அளவுக்குத்தான்."

"எனக்கு உந்தப் படங்கள் விளங்காது அண்ணை."

"விளங்காட்டில் தொட்டுப் பார். கையிலை ஒட்டேல்லையெண்டால் வேலை தெரிஞ்ச ஆள் எண்டு நினை. மற்றது உனக்கெதுக்கு?"

அன்றைக்கும் நான் அவளுக்கு எடுக்கவில்லை. வீம்பு. ஆனால் அடுத்த சுவரிலிருந்து, நீங்கள் படம் எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கவனித்தீர்கள். விமான நிலையத்தில் வைத்துத்தான், "கடைசி மூண்டு நாளும் நீ மெலிஞ்சிட்டாய் எண்டு பிள்ளை கவலைப்படுறாள்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து, சாப்பாடு ஒழுங்காகத்தான் இருந்தது என்று சொல்லுவதற்காக அவளுக்கு எடுத்தேன். பேச்சு அப்படித்தான் திரும்பத் தொடங்கியது. அதன் பிறகும் அவள் கீறிய சுவர் ஒன்றையும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. வேலை, முதுகுவலி, மழை என்று சாட்டுகள் இருந்தன. உங்கள் செத்தவீட்டன்று அவள் விரல்களில் பச்சைப் பெயின்ட் இருந்தது. கழுவிவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு உங்கள் விரல்களையும் பார்த்தேன். நகத்தின் ஓரங்களில் வெள்ளை அப்படியே இருந்தது.

செய்தி இதுதான். சனிக்கிழமை ஆரணியின் சுவர் ஒன்றைப் பார்க்கப் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஐந்து மாடி வீட்டின் பக்கச் சுவர், நகரசபை கொடுத்த வேலை. மேலே முழுக்க மணல் நிறத்தில் ஏதோ அலை அலையாக இருக்கிறது. கடலா பாலைவனமா என்று கேட்டேன். "உங்களுக்கு எது பிடிக்குமோ அது" என்றாள். கீழ் மூலையில், முழங்கால் உயரத்துக்கு, தொந்தி வைத்த ஒரு மனிதன் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறான்.

"ஆரிது?"

"ஒருத்தரும் இல்லை அப்பா. அளவுக்கு."

படம் எனக்கு இப்போதும் விளங்கவில்லை. ஜாக்கெட் பைக்குள் இருந்த கையை எடுத்து, சுவரில் வைத்து, அழுத்தி ஒருதரம் தேய்த்தேன். ஆரணி பக்கத்தில் நின்றாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவளுக்கும் காட்டினேன்.

நாயோடு வந்த ஒரு ஜெர்மன்காரக் கிழவி நின்று எங்களைப் பார்த்தார். "நீங்களும் இந்தத் தொழில்தானா?" என்று கேட்டார்.

முப்பது வருடம் பேசிய ஜெர்மன் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டது, அண்ணை. ஓம் என்றுவிட்டேன்.